எதை எண்ணுவது? இளையராஜாவின் சிற்றிசைப் பதிவுகளுக்கு ஓர் அட்டவணை

திருவண்ணாமலையில் பிறந்ததாக மரபு சொல்லும் அருணகிரிநாதர் பதினாறாயிரம் திருப்புகழ் பாடினார் என்பார்கள். இன்று கையில் இருப்பவை சுமார் 1,300. அவையும் தாமாக வந்து சேரவில்லை. சிதம்பரம் கோயில் தொடர்பான வழக்கொன்றில் சான்றாகக் காட்டப்பட்ட ஒரு திருப்புகழைக் கேட்டு மயங்கிய வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராக ஏடு தேடினார். 1894இல் முதல் பாகத்தையும் 1901இல் அடுத்த பாகத்தையும் அச்சிட்டார். பாடல்கள் மீண்டன. சந்தம் சொல்லுக்குள்ளேயே இருந்ததால் தாளக்கட்டும் மீண்டது. மெட்டுகள் மீளவில்லை. இன்று மேடையில் கேட்கும் திருப்புகழ் மெட்டுகளில் பெரும்பாலானவை பிற்காலப் பாடகர்கள் அமைத்துக்கொண்டவை.

அதே திருவண்ணாமலையோடு நெருக்கமான உறவுள்ள இன்னொரு இசையமைப்பாளரின் நிலைமை நேர்மாறானது. அங்கே வாழ்ந்த ரமணரின் பக்தரான இளையராஜாவின் இசை ஒலியாக ஏராளமாக இருக்கிறது. எந்நேரமும் எந்தக் கைபேசியிலும் கிடைக்கிறது. எந்த நாளில், எந்தக் கூடத்தில், யார் யார் வாசித்துப் பதிவானது என்ற விவரம்தான் ஒலியோடு சேர்ந்து வருவதில்லை. படப்பாடல்களுக்குப் படத்தின் பெயராவது அடையாளமாக நிற்கிறது. சில வாத்தியங்களுக்கென்று அவர் எழுதிய இசைக்கு அந்தப் பிடிமானமும் இல்லை.

மேற்கில் சேம்பர் மியூசிக் எனப்படும் வகையை இக்கட்டுரையில் சிற்றிசை என்றே அழைக்கிறேன். இளையராஜாவின் சிற்றிசைப் பதிவுகளை எப்படி அட்டவணைப்படுத்துவது? வெளிவந்த ஆல்பங்களை வரிசையாக எழுதினால் போதாதா? போதாது என்பதே என் வாதம். கடைக்கு வந்ததை அடிப்படையாகக் கொள்ளும் அட்டவணை இந்த இசையின் பெரும்பகுதியைத் தவறவிட்டுவிடும். ஒலிப்பதிவு நடந்த செஷனும் அதில் வாசித்தவர்களும் அடிப்படையாக இருக்க வேண்டும்.

எல்லைக் கோடு

மேற்கத்திய வரையறை கறாரானது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே ஒரு கலைஞர், கண்டக்டர் கிடையாது, இரண்டு பேர் முதல் எட்டு ஒன்பது பேர் வரை. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ சேர்ந்த ஸ்ட்ரிங் குவார்ட்டட் இதன் உச்ச வடிவம். இந்த அளவுகோலை அப்படியே வைத்தால் இளையராஜாவின் பட்டியல் சில வரிகளில் முடிந்துவிடும்.

அதைத் தளர்த்தினால் எங்கே நிறுத்துவது? 2005இல் வெளிவந்த ‘திருவாசகம்’ புடாபெஸ்ட் சிம்பனி ஆர்க்கெஸ்ட்ராவோடு பதிவான ஆரட்டோரியோ. 2025 மார்ச் 8 அன்று லண்டன் அப்பல்லோ அரங்கில் ராயல் ஃபில்ஹார்மோனிக் கான்சர்ட் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்த ‘வேலியன்ட்’ முழுச் சிம்பனி. இரண்டும் சந்தேகமில்லாமல் எல்லைக்கு வெளியே. 1988இல் வந்த ‘நத்திங் பட் விண்ட்’ ஆல்பத்தில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல் முன்னே நிற்க, பின்னால் பெரிய இசைக்குழு இருக்கிறது. அதையும் பிற்சேர்க்கைக்குத் தள்ளிவிடலாம்.

வாசிப்பவர்களின் தலையை எண்ணுவதைவிட எழுத்து முறையைப் பார்ப்பது இங்கே பொருத்தம். ஒவ்வொரு குரலும் தனித்தனியாகக் காதில் விழும்படி எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது பல வாத்தியங்கள் சேர்ந்து ஒரே வண்ணமாகப் பூசப்பட்டிருக்கின்றனவா என்பதே கேள்வி. முதல் வகையெல்லாம் அட்டவணைக்குள் வரலாம். இந்த அளவுகோலில், 1978இல் வந்த ‘சிட்டுக்குருவி’ படத்தில் இரண்டு குரல்கள் வெவ்வேறு மெட்டில் ஒரே நேரம் பாடும் புகழ்பெற்ற டூயட்டைக்கூட விவாதத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். விவாதத்துக்கு இடம் தராத எல்லை எதையாவது ஒளித்துவிடும்.

நடுநாயகமான பத்து

எந்த எல்லையை வைத்தாலும் நடுவில் நிற்பது 1986இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்?’. தியாகராஜருக்கும் யோஹான் செபாஸ்டியன் பாகுக்கும் காணிக்கையாக்கப்பட்ட ஆல்பம். பத்து உருப்படிகள். முதன்மை வயலின் வி.எஸ். நரசிம்மன். ‘சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா’ என்ற தலைப்பிலேயே வகையின் பெயர் வந்துவிடுகிறது. ‘மேட் மாட் மூட் ஃபியூக்’ பாகின் காலத்து ஃபியூக் வடிவத்தோடு விளையாடுகிறது. ‘ஸ்டடி ஃபார் வயலின்’ பெயருக்கேற்ப ஒற்றை வாத்தியத்தின் பயிற்சிக் களம்.

அட்டவணைக்காரனுக்கு இவற்றில் மிகச் சிக்கலானது ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’. தனி வயலினுக்கான பாகின் மூன்றாம் பார்ட்டிட்டாவின் முன்னிசை இதற்குள் ஓடுகிறது. பாக் தம் கையால் எழுதிய 1720ஆம் ஆண்டுப் படி இன்றும் இருக்கிறது. ஷ்மீடர் 1950இல் வெளியிட்ட பாக் அட்டவணையில் அதன் எண் 1006. அந்த வயலின் ஓட்டத்தோடு கர்நாடக சங்கீதச் சாயலில் இன்னொரு குரலை இளையராஜா பேசவிடுகிறார். இதைப் பாகின் படைப்பினுடைய ஒரு பதிவு என்று எழுதுவதா, இளையராஜாவின் தனிப் படைப்பு என்று எழுதுவதா? ஆல்பம் பட்டியலில் இதற்கு ஒரே ஒரு வரிதான் கிடைக்கும். முறையான அட்டவணை இரண்டு உறவையும் காட்ட வேண்டும். படைப்பு இளையராஜாவுடையது, உள்ளிருக்கும் மூலம் பாகுடையது, மூலத்தின் எண் இது.

இந்தப் பத்துக்கு இரண்டாவது வாழ்க்கையும் உண்டு. பாலு மகேந்திரா 1988இல் வெளியான ‘வீடு’ படத்தை எடுத்தபோது, புதிதாகப் பின்னணி இசை எழுத வைக்காமல் இந்த ஆல்பத்தின் பகுதிகளையே படத்தில் பயன்படுத்திக்கொண்டார். வழக்கமாகப் படத்திலிருந்து இசை தட்டுக்குப் போகும். இங்கே தட்டிலிருந்து படத்துக்கு வந்தது. ஆக ‘வீடு’ படத்தின் இசை எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று கேட்டால், இசைக்கு 1986, படத்துக்கு 1988 என்று இரண்டு விடை. வெளியீட்டு ஆண்டை மட்டும் பார்த்து எழுதுபவர் இதை 1988இன் புதிய பின்னணி இசையாகக் கணக்கெழுதிவிடுவார். அதே ஒலி இரண்டு முறை எண்ணப்படும்.

மலையடிவாரத்துப் பதிவுகள்

1896 செப்டம்பர் 1 அன்று ரமணர் திருவண்ணாமலைக்கு வந்தார். 1950இல் மறையும்வரை இங்கிருந்து நகரவில்லை. விரூபாட்ச குகையில் இருந்த காலத்தில், அடியார்கள் பிச்சைக்குப் போகும்போது பாடிச் செல்ல அவர் இயற்றியது அட்சரமணமாலை, 108 கண்ணிகள். ஆசிரமத்தில் இன்றும் கூட்டாகப் பாடப்படுகிறது. ‘ராஜாவின் ரமண மாலை’ முதலிய இளையராஜாவின் ரமண ஆல்பங்களுக்கு இந்த மண்ணில் ஏற்கெனவே இருந்த இந்தப் பாடும் வழக்கமே அடித்தளம். பெரும்பாலும் வரிகளையும் அவரே எழுதினார், அவரே பாடவும் செய்தார்.

இவற்றைச் சிற்றிசையில் சேர்க்கலாமா? பக்திப் பாடல் என்று ஒதுக்கிவிடுவது எளிது. கிரிவலப் பாதைக் கடைகளில் அவை அந்த வரிசையில்தான் விற்றன. ஆனால் குரலைச் சுற்றி அவர் எழுதியிருப்பதைக் கேட்டால், சரணங்களுக்கு இடையில் வரும் வாத்தியங்கள் இடத்தை நிரப்ப வந்தவையல்ல என்பது தெரியும். குரலோடு சமமாக உரையாடுகின்றன. ஷூபெர்ட்டின் குரல்–பியானோ பாடல்களை மேற்கத்திய அட்டவணைகள் தனி வகையாகவே வைத்துக் கௌரவிக்கின்றன. அதே நியாயம் இவற்றுக்கும் பொருந்தும். குரலும் சிறு குழுவும் என்றொரு பிரிவு வேண்டும்.

இங்கே வேறொரு சிரமமும் இருக்கிறது. படப்பாடல் கேசட்டுக்குப் படத்தின் தணிக்கைத் தேதி, விளம்பரம், பத்திரிகை விமர்சனம் என்று பல சாட்சிகள் உண்டு. பக்திக் கேசட் சத்தமில்லாமல் வெளியாகும், சத்தமில்லாமல் மறுபதிப்பாகும். உறையின் படம் மாறும், பாடல் வரிசை மாறும், சில நேரம் நிறுவனமும் மாறும். அதனால் முதல் பதிப்பின் உறை கையில் கிடைத்தால் அதை இருபுறமும் ஸ்கேன் செய்து வைப்பதே இங்கே முதல் வேலை. இந்த ஊர்க் கடைகளிலும் வீட்டுப் பரண்களிலும் கிடக்கும் பழைய கேசட்டுகளுக்கு அப்படியொரு மதிப்பு இருக்கிறது.

திருவண்ணாமலை இசை அட்டவணைகளுக்குப் புதிய ஊர் அல்ல. முத்துசுவாமி தீட்சிதரின் பஞ்சபூத லிங்கக் கிருதிகளில் அக்னித் தலமான திருவண்ணாமலைக்குரியது சாரங்கா ராகத்தில் அமைந்தது. தீட்சிதரின் உருப்படிகளைக் காப்பாற்றியதில் சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் அச்சிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’க்குப் பெரும் பங்கு உண்டு. அதில் 229 தீட்சிதர் உருப்படிகள் ஸ்வரப்படுத்தப்பட்டுள்ளன. கமகங்களுக்குத் தனிக் குறியீடு, இயற்றியவர்களைப் பற்றிய வரலாறு எல்லாம் சேர்த்தே அவர் கொடுத்தார். உருப்படியை மட்டும் கொடுத்து, அது வந்த வழியை விட்டுவிட்டால் பாதிதான் கைமாறும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆர்.ஆர். என்ற சுரங்கம்

இளையராஜாவின் சிற்றிசையில் மிகப் பெரிய பகுதி எந்தத் தட்டிலும் தனியாக வந்ததில்லை. அது ரீ-ரெக்கார்டிங்கில், தொழில்மொழியில் சொன்னால் ஆர்.ஆரில் இருக்கிறது. 1976இல் ‘அன்னக்கிளி’யில் அவர் தொடங்கினார்; 2016இல் வெளியான ‘தாரை தப்பட்டை’ அவரது ஆயிரமாவது படம் என்று அறிவிக்கப்பட்டது. ஒரு படத்துக்குச் சில நிமிடங்களே சிறு குழுவுக்கான எழுத்து என்று வைத்துக்கொண்டாலும், ஆல்பங்கள் எல்லாம் அதன் முன்னால் சிறிதாகிவிடும்.

வேலை நடக்கும் விதம் தெரிந்ததே. ரீல் ரீலாகப் படம் ஓடும். பார்த்து முடித்ததும் அவர் ஸ்டாஃப் நொட்டேஷனில் நேரடியாக எழுதுவார். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய பகுதி பிரித்து எழுதிக் கொடுக்கப்படும். கலைஞர்கள் வாசிப்பார்கள், பதிவாகும், அடுத்த ரீல் வரும். ‘உதிரிப்பூக்கள்’ (1979), ‘மௌன ராகம்’ (1986) போன்ற படங்களில் ஒரு புல்லாங்குழலோ, ஒரு கிடாரோ, நாலைந்து தந்தி வாத்தியங்களோ காட்சியைத் தாங்கி நிற்கும் இடங்கள் ரசிகர்களுக்கு மனப்பாடம்.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. வசனம், இசை, சத்தங்கள் மூன்றும் தனித்தனி டிராக்காக இருந்து கடைசி மிக்ஸிங்கில் ஒன்றாகும். திரையரங்குக்குப் போனது அந்த ஒன்றான ஒலி மட்டுமே. தனி இசை டிராக் தயாரிப்பாளரிடமோ ஸ்டூடியோவிலோ தங்கிவிடும், பிழைத்திருந்தால் அதிர்ஷ்டம். இப்போது கலந்த ஒலியிலிருந்து இசையை மட்டும் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. அவை கேட்க உதவும், ஆராயவும் உதவும். ஆனால் அப்படிப் பிரித்த ஒலியை அட்டவணையில் ‘பதிவு’ என்று எழுதக் கூடாது. பிரித்தெடுத்தது என்ற குறிப்போடு தனி நிரலில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மென்பொருளின் ஊகம் இசையமைப்பாளரின் கணக்கில் ஏறிவிடும்.

வாசித்தவர்கள்

சிற்றிசை என்பது வாசிப்பவரின் கலை. பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் இருபதாவது வயலின் யார் என்பது இசையை மாற்றாது. ஒற்றைப் புல்லாங்குழல் யாருடையது என்பது நிச்சயம் மாற்றும். இருந்தும் கேசட் உறைகளில் பாடகர் பெயர் இருக்கும், கவிஞர் பெயர் இருக்கும், வாத்தியக்காரர் பெயர் பெரும்பாலும் இருக்காது.

இளையராஜாவின் குழுவில் கீபோர்டில் விஜி மேனுவல், பேஸ் கிடாரில் சசிதரன், கிடாரில் சதானந்தம், டிரம்ஸில் புருஷோத்தமன், புல்லாங்குழலில் அருண்மொழி என்ற நெப்போலியன் போன்றவர்கள் ரசிகர்களுக்குப் பெயர் தெரிந்தவர்கள். எந்த உருப்படியில் யார் என்று கேட்டால் பெரும்பாலும் நினைவுதான் சாட்சி. நினைவு தவறும், நினைவுக்குரியவர்களும் போய்விடுவார்கள். புருஷோத்தமன் 2020இல் மறைந்தார்.

வி.எஸ். நரசிம்மனின் பாதை இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. 1993இல் அவர் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டட்டைத் தொடங்கி, கர்நாடகக் கீர்த்தனைகளை நான்கு தந்தி வாத்தியங்களுக்கு அமைத்து வாசித்தார். ‘ஹவ் டு நேம் இட்?’ எழுப்பிய கேள்வியைச் சென்னையில் ஒரு நிரந்தரக் குழு தொடர்ந்து பரிசோதித்தது என்று இதைச் சொல்லலாம். வாசித்தவர் பெயரைக் கொண்டு தேட முடிகிற அட்டவணையில்தான் இந்தத் தொடர்ச்சி கண்ணில் படும். ஆல்பம் வாரியாகத் தேடினால் இரண்டும் தொடர்பற்ற இரு வேறு தட்டுகள்.

மும்பைக்கு இந்த வேலையை கிரிகரி பூத் செய்தார். 2008இல் வந்த ‘பிஹைண்ட் தி கர்ட்டன்’ என்ற நூலில் இந்திப் பட ஸ்டூடியோக் கலைஞர்களை நேரில் கண்டு, அவர்கள் சொன்னதைக் கொண்டே அந்தத் தொழிலின் வரலாற்றை எழுதினார். சென்னைக்கும் அதே முறை பொருந்தும். இங்கும் ஊதியம் கால்ஷீட் கணக்கில்தான். ஒரு கலைஞரின் பழைய டைரியில் தேதியும் ஸ்டூடியோவும் படக் கம்பெனியும் குறித்திருந்தால், அந்த ஒரு வரி பத்துக் கேசட் உறைகளைவிட அதிகம் சொல்லும்.

முன்னோடிகளும் அவர்களின் அளவுகோல்களும்

அட்டவணை போடுவதில் உலகம் இரண்டு வழிகளில் போயிருக்கிறது. கோஷல் 1862இல் மோட்சார்ட்டுக்குப் போட்டது காலவரிசை. 1 முதல் 626 வரை. ஷ்மீடர் பாகுக்குப் போட்டது வகைவரிசை. பாகின் பல படைப்புகளுக்கு ஆண்டு உறுதியாகத் தெரியாது என்பதால் அவர் காலத்தை நம்பவில்லை. இளையராஜாவுக்கும் ஷ்மீடர் வழியே பாதுகாப்பானது. நமக்கு உறுதியாகத் தெரிவது படம் வெளியான தேதி மட்டுமே. பதிவான தேதி அதற்குப் பல மாதம் முன்பாகவும் இருக்கலாம்.

நம் நாட்டிலும் முன்னோடிகள் உண்டு. ஹர்மந்திர் சிங் ‘ஹம்ராஸ்’ தொகுத்த ‘இந்தி ஃபிலிம் கீத் கோஷ்’ இந்திப் படப்பாடல்களை இசைத்தட்டு எண்களோடு பதிவு செய்தது. மைக்கேல் கின்னியர் இந்தியாவின் ஆரம்பகால கிராமபோன் பதிவுகளைத் தட்டில் பொறித்த எண்களைக் கொண்டு வரிசைப்படுத்தினார். தமிழ்ப் படங்களுக்கு ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் ஒற்றை ஆளாகப் பட்டியல் சேர்த்தார். இளையராஜா இசையின் அழகியலைப் பற்றித் தமிழில் பிரேம்–ரமேஷ் எழுதிய தனி நூலே இருக்கிறது. விமர்சனம் வந்துவிட்டது, அட்டவணை பின்தங்கிவிட்டது.

பெயர் தெரியாத முன்னோடிகளும் இருக்கிறார்கள். எண்பதுகளில் ஊருக்கு ஊர் இருந்த ரெக்கார்டிங் சென்டர்களில், வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த பாடல் பட்டியலை டிடிகே கேசட்டில் பதிந்து தருவார்கள். அதற்காகக் கடைக்காரர் தட்டுகளின் நோட்டுப் புத்தகம் ஒன்றை வைத்திருப்பார். படம், பாடல், பாடியவர் என்று கோடு போட்டு எழுதிய அந்த நோட்டுகள் தமிழ் இசைப்பதிவு அட்டவணையின் முதல் வரைவுகள். கேசட்டால் வந்த கேடும் உண்டு. வேகம் சற்றே மாறினால் சுருதி மாறும். அப்படிச் சுருதி ஏறிய பிரதிகள் பிறகு டிஜிட்டலாகிப் பரவின. ஒரே பதிவை வெவ்வேறு சுருதியில் கேட்டுவிட்டு இரண்டு பதிவு என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அட்டவணையின் உடலமைப்பு

நூலகத் துறைக்கு இந்தச் சிக்கல் பழகியது. படைப்பு வேறு, அதன் ஒரு நிகழ்வு வேறு, அது வெளியான பதிப்பு வேறு, கையிலிருக்கும் பிரதி வேறு என்று சர்வதேச நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு 1998இல் வகுத்தது. இசைத்தொழிலிலும் பதிவுக்கு ஐஎஸ்ஆர்சி, படைப்புக்கு ஐஎஸ்டபிள்யூசி என்று தனித்தனிக் குறியெண்கள் உண்டு. ஒரு பொருளைப் பல முகங்களிலிருந்து அணுக வேண்டும் என்பதைச் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1933லேயே தம் கோலன் பகுப்பு முறையில் செய்து காட்டிவிட்டார்.

இந்த மூன்றையும் சேர்த்தால் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ உருப்படியின் பதிவு இப்படி அமையும். படைப்பு: இளையராஜா. உள்ளிருக்கும் மூலம்: பாக், எண் 1006, முன்னிசை. வகை: தந்திக் குழு. பதிவு: முதன்மை வயலின் வி.எஸ். நரசிம்மன், மற்றவர்களுக்குச் சாட்சி கிடைக்கக் கிடைக்கச் சேர்க்க நிரல். வெளியீடு: 1986 ஆல்பம், பிந்தைய ஒவ்வொரு மறுபதிப்பும் தனி வரியில். ஒவ்வொரு தகவலுக்கும் எதிரே அது உறையிலிருந்து வந்ததா, கலைஞர் வாய்மொழியா, ரசிகர் ஊகமா என்ற குறி. மறுபயன்பாட்டுக்கும் ஒரு நிரல்; ‘வீடு’ போன்ற படங்களுக்குப் போன உருப்படிகளுக்கு அது நிரம்பும்.

உரிமை விவகாரத்தை அட்டவணை தீர்க்க முயலக் கூடாது. இளையராஜாவுக்கும் இசை நிறுவனங்களுக்கும் இடையிலான வழக்கில் 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகும் விவாதம் ஓயவில்லை. இந்தத் தட்டில் இந்த நிறுவனத்தின் பெயர் இருந்தது என்று எழுதுவதோடு அட்டவணைக்காரரின் வேலை முடிந்தது.

வேலையின் வரிசையும் இதிலிருந்தே தெளிவாகும். தட்டுகளும் கேசட்டுகளும் இன்னும் பல ஆண்டு காத்திருக்கும், சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். படங்களும் இருக்கும். காத்திருக்க முடியாதது வாசித்தவர்களின் சாட்சியம். ஆகவே ‘ஹவ் டு நேம் இட்?’ பத்து உருப்படிகளையும் ரமண ஆல்பங்களையும் முதலில் எடுத்துக்கொண்டு, அவற்றில் வாசித்து இன்றும் நம்மோடு இருப்பவர்களிடம் ஒலியைப் போட்டுக் காட்டி, இது யார் என்று கேட்டு எழுதிவிட வேண்டும். ஆர்.ஆர். பகுதியைப் பிறகு படம் படமாகத் தொடரலாம். அருணகிரியின் மெட்டுகளைப் பற்றிக் கேட்பதற்கு சுப்பிரமணிய பிள்ளைக்கு யாரும் மிச்சமில்லை. நமக்கு இருக்கிறார்கள், கேட்காமல் விட்டால் பழி காலத்தின் மேல் போகாது, நம் மேல்தான் வரும்.